வாக்கிழந்த மக்களின் பிரதிநிதி

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தபொழுது, மூவேந்தரைப் பற்றி எழுத வல்லார் நம்மிடையே பலர் உளராதலின், நாம் அப்பக்கம் செல்லத் துணியவில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளாக ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்து வரும் நமக்குக் கல்வெட்டும் செப்பேடும் எட்டாதவை. நேற்றைய சரித்திரம் ஒன்றையே சொல்ல விழைகின்றோம். அதற்குக் காரணமாயிருந்தது சென்ற ஆண்டு விழாவில் நிகழ்ந்த ஒரு வாதம்.

கலை நிகழ்ச்சிகள் முடிந்து, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த வேளை. ஹெப்பகோடி நகரசபைக்கு நம்மவர் ஒருவர் நின்று வெற்றி பெறுவாரானால் அவர் யாருக்காகப் பேச வேண்டும் என்று அன்பர் இருவரிடையே பேச்சு மூண்டது. சாக்கடையும் சாலையும் குடிநீரும் எல்லோர்க்கும் பொது. ஊரார் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தவர் ஊருக்காகவே பேசக் கடமைப்பட்டவர் என்றார் ஒருவர். அங்ஙனமாயின் அவர் தமிழராயிருந்து நமக்கென்ன லாபம், பிள்ளைகள் தமிழ் படிக்க ஒரு வகுப்பேனும் கேட்க மாட்டாரா என்றார் மற்றவர். ரசம் வரும் வரையில் வாதம் ஓயவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர்ப் பக்கங்களிலிருந்து பொம்மசந்திரத் தொழிற்சாலைகளை நாடி வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு இது வெறும் பேச்சன்று. எனினும் இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதும் அன்று.

அமெரிக்காவில் குடியேறிய கிரேக்கர்களும் இதே கேள்வியைச் சந்தித்தனர். உணவு விடுதி நடத்திப் பிழைத்த கிரேக்கக் குடும்பங்களிற் பிறந்த ஜான் பிரேடமாஸ், பால் சார்பேன்ஸ் என்னும் இருவர் அந்நாட்டுக் காங்கிரஸ் சபையில் அங்கத்தினராயினர். கல்விக்கும் கலைகளுக்கும் அரசாங்கம் பொருளுதவி செய்யும் சட்டங்களில் பிரேடமாஸ் உழைத்தார்; அது நாட்டுப் பணி. 1974-ஆம் ஆண்டு துருக்கியப் படை சைப்ரஸ் தீவினுட் புகுந்தபொழுது, துருக்கிக்கு அமெரிக்கா ஆயுதம் வழங்கலாகாதென இருவரும் முன்னின்று வாதாடினர். 1975-இல் தடை நடைமுறைக்கு வந்தது, 1978-இல் நீக்கப்பட்டது. அது தம்மினத்தார் கவலை. இரண்டையும் ஒருவரே சுமக்கலாம் என்பதற்கு அவர்கள் சான்று. ஆனால் அவர்தம் மக்கள் கையில் வாக்கு இருந்தது என்பதை மறத்தலாகாது. வாக்கையே பறிகொடுத்த மக்களுக்குப் பிரதிநிதியாய் நின்றவர் ஒருவர் உளரென்றால், அவர் நமக்கு இன்னும் அண்மையிலுள்ள இலங்கையில், சிவகங்கைச் சீமையிற் பிறந்த சௌமியமூர்த்தி தொண்டமான் ஆவார்.

மலைநாட்டுத் தமிழர் வரலாற்றை அறியாதார்க்கு இரண்டொரு வார்த்தை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டி மலைகளிற் காப்பித் தோட்டங்கள் எழுந்தபொழுது, தென்னாட்டு மக்கள் கூலி வேலைக்குச் சென்றனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களில் வழியிலேயே மாண்டவர் எண்ணற்றோர். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பற்றியது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் ஆள் வேண்டுமாதலால் வந்தவர் அங்கேயே தங்கினர். லயம் எனப்படும் வரிசை அறைகளிற் பிறந்து, பெரட்டுக்கு ஓடி, அம்மண்ணிலேயே மடிந்த தலைமுறைகள் பல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்றை ஆளின் கழுத்திற் கட்டி அனுப்புவராம். வழிச் செலவெல்லாம் அவ்வெண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். சீட்டும் கணக்குமாகவே காலங்கழிக்கும் நமக்கு அந்தத் தகர வில்லையை நினைக்குந்தோறும் மனம் கூசுகின்றது. பொதிக்கு ஒட்டும் வில்லை அது, ஆளுக்கு உரியதன்று.

அத்தகைய மக்களுள் ஒருவராய்ச் சென்று, கங்காணியாகி, பின்னர் இறம்பொடைப் பக்கத்து வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர் கருப்பையா என்பார். அவருடைய மகன் தொண்டமான் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் மூனாப்புதூரிற் பிறந்து, பதினோரு வயதில், 1924-இல், தந்தையிடம் சென்று சேர்ந்தார். கம்பளையிற் படித்தார். தொழிலாளர் தலைவரெனப் பின்னாளிற் புகழ் பெற்றவர் தாமே ஒரு தோட்ட முதலாளி என்பதை அவர் பகைவர் ஒருபொழுதும் மறக்கவிட்டதில்லை. நாமும் அதை மறைக்கப் போவதில்லை.

அவருக்கு முன்னரே வழி வெட்டியவர்கள் உண்டு. தஞ்சையிலிருந்து சென்று 'தேசபக்தன்' பத்திரிகை நடத்திச் சட்டசபையிலும் அமர்ந்த கோ. நடேசையரையும், தோட்டந்தோறும் பாடியே மக்களை எழுப்பிய அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரையும் இங்கு வணங்கிச் செல்கின்றோம். 1931-இல் இலங்கையில் வயது வந்தோர் வாக்குரிமை வந்தது. 1939 ஜூலையில் ஜவஹர்லால் நேரு கொழும்புக்குச் சென்றபொழுது, சிதறிக் கிடந்த இந்தியர் அமைப்புகள் ஒன்றாகி இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. மறு ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி போலீசாரின் குண்டுக்கு இரையானான். அதன் பின் சங்கம் சேராத தோட்டத்தைக் காண்பது அரிதாயிற்று. 1945-இல் தொண்டமான் காங்கிரசின் தலைவரானார்.

1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அக்காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. தொண்டமான் நுவரெலியாவின் பிரதிநிதியானார், எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கொல்லையின் பிரதிநிதியானார். வேறு சில தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளைக் கரையேற்றியது. ஏழு பேர்தானே என்று எண்ணற்க. கூலி என்றும் கள்ளத்தோணி என்றும் ஏசப்பட்ட மக்கள் ஒரு நாள் வரிசையில் நின்று ஏழு பேரை மன்றத்திற்கு அனுப்பிவிட்டனர் என்பது ஆளுவோர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

விளைவு விரைவில் வந்தது. சுதந்திரம் கிடைத்த 1948-ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. தந்தையோ, தந்தை வழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்ததை நிலைநாட்ட வேண்டுமாம். பிறப்புப் பதிவு என்பதையே அறியாத லயத்து மக்கள் பூட்டன் பிறந்த சான்றுக்கு எங்கே போவர்? அடுத்த ஆண்டு மற்றொரு சட்டம்: மணமானவர் ஏழாண்டும் மணமாகாதார் பத்தாண்டும் இடைவிடாது வசித்ததை மெய்ப்பித்தால் பிரஜையாகப் பதிவு பெறலாம் என்றது. அதே 1949-இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜையல்லாதார் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீங்கின. ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்கள் சார்பில் விண்ணப்பங்கள் போயின. முடிவில் பிரஜாவுரிமை பெற்றவர் 1,34,000 பேர் அளவே. விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதையே காலனியில் நம் ஓய்வு நேர வேலையாகக் கொண்டிருக்கும் நமக்கு, அவ்விண்ணப்பங்களை நிரப்பிய பெயர் தெரியாத குமாஸ்தாக்களின் உழைப்பு கண்முன் நிற்கின்றது. ஒரு நாள் ஊருக்குப் போய் வந்ததைச் சொல்லியும் தள்ளலாம், சொல்லாமல் விட்டதைப் பிடித்தும் தள்ளலாம்.

யாழ்ப்பாணத் தமிழ்த் தலைவர்களுள் இது குறித்துப் பிளவு உண்டாயிற்று. ஜி. ஜி. பொன்னம்பலம் 1948-இல் அமைச்சராகி அரசோடு சேர்ந்தார். அதை ஏற்காத எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தம்மோடு தொடர்பில்லாத மலைநாட்டார்க்காகக் கட்சியைத் துறந்தார் என்னும் அந்த ஒரு செயலுக்காகவே செல்வநாயகத்தின்பால் நமக்குத் தனி மதிப்பு உண்டு.

1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் ஒருவரும் மன்றம் புகவில்லை. வாக்கில்லாத மக்களின் தலைவன் என்ன செய்வான்? தொண்டமானும் தோழர்களும் கொழும்பில் பிரதமர் காரியாலயத்தின் முன் சத்தியாக்கிரகம் இருந்தனர். மாதக்கணக்கில் நடந்தும் சட்டம் அசையவில்லை. அப்பொழுதுதான் அவர் தம் வாழ்நாள் முழுதும் கைக்கொண்ட வழியைக் கண்டார் என்பது நம் கருத்து. 1950-இல் காங்கிரஸ் தன் பெயரை இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என மாற்றிக்கொண்டது. வாக்காளர் பட்டியல் போனாலும் சங்கச் சந்தாப் பட்டியல் போகவில்லை. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பகுதி தேயிலையால் வருவது. கொழுந்து பறிக்கும் கை நின்றால் கொழும்பு தவிக்கும். இதனைத் தொண்டமான் நன்குணர்ந்தார். இலட்சக்கணக்கான அங்கத்தினரின் சந்தாவே அவருக்கு வாக்காயிற்று. 1960-லும் 1965-லும் அரசாங்கமே அவரை நியமன அங்கத்தினராக மன்றத்தில் அமர்த்த நேர்ந்தது. யாரும் வாக்களிக்காமல், யாருக்கும் வாக்கில்லாத மக்களுக்காகப் பேசிய பிரதிநிதி!

அக்காலத்தில்தான் பேரிடி விழுந்தது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் புது டில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கொண்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை அளிப்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. அந்த மீதியும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டது. பங்காளிகள் களத்து மேட்டில் நெல்லை அளந்துகொள்வதுபோல் அளந்துகொண்டனர். நெல்லைக் கேட்பார் யார்? மன்றத்தில் அமர்ந்திருந்த தொண்டமானின் ஒப்புதலையும் எவரும் பெறவில்லை. அம்மக்களையே கேளாமல் செய்த உடன்படிக்கை இது என்று அவர் கண்டித்தார். அவர் கொண்ட நிலை எளியது: தோட்ட மக்கள் இந்தியா திரும்பக் காத்திருக்கும் விருந்தினரல்லர், இலங்கையின் குடிகள், ஆகவே அவர்தம் உரிமை டில்லியிற் பேச வேண்டிய வெளிநாட்டுப் பிரச்சினை அன்று, கொழும்பிலேயே தீர்க்க வேண்டிய உள்நாட்டுப் பிரச்சினை.

ஆயினும் மக்கள் கப்பலேறினர். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் ராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து ரயிலேறி மக்கள் பிரிந்து சென்றனர். நீலகிரியில் அவர்களுக்கெனவே அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. கேரளத்தில் புனலூரிலும், நமது கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் ரப்பர்த் தோட்டங்களில் வேலை கிடைத்தது. மங்களூர் மார்க்கத்தில் கபக புத்தூர் நிலையத்தில் இறங்குவோர் இன்றும் அவர்கள் தமிழைக் கேட்கலாம். பேச்சில் இலங்கைச் சொல்லும் துளுவும் கலந்திருக்கும். கர்நாடகத் தமிழரென்றால் பெங்களூரும் கோலார்த் தங்கவயலுமே நம் நினைவுக்கு வருகின்றன. சுள்ளியாக் காட்டில் ரப்பர்ப் பால் எடுக்கும் இவர்களை நம் சங்க மலர்கள் இதுவரை நினைத்ததில்லை.

நம் காலனியிலும் இச்சரித்திரத்தின் துண்டு ஒன்று உண்டு. நம் வரிசையில் மகனோடு வசிக்கும் மூதாட்டியார் ஒருவர் நுவரெலியாப் பக்கத்து லயத்திற் பிறந்தவர். சிறு பெண்ணாய்க் கப்பலேறிக் கூடலூர் வந்து, தேயிலை பறித்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். மகனுக்குப் பொம்மசந்திரத்தில் வேலை கிடைத்ததால் இங்கு வந்தார். வந்த மாதமே நம் வீட்டு வாசலில் நின்று, "தம்பி, ஓட்டை இங்கன மாத்தணும், பாரத்தை எழுதிக் குடுங்க" என்றார். கையில் ஒரு துணிப்பை. அதனுள் மண்டபத்தில் தந்த குடும்ப அட்டை, பழைய கடவுச்சீட்டு, ரேஷன் அட்டை, ஆதார் எல்லாம் தாள் மடங்காமல் அடுக்கியிருந்தன. இத்தனை எதற்கு, முகவரிச் சான்று ஒன்று போதுமே என்றோம். "இருக்கட்டும், எதக் கேப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்" என்றார். முகவரி மாற்றத்திற்குரிய எட்டாம் எண் படிவத்தை எழுதத் தொடங்கியபொழுது, எங்கள் ஓட்டு இங்கே எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று அவர் இயல்பாய்க் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக ஹெப்பகோடியில் குடியிருந்தும் நம் வாக்கு இன்னும் சொந்த ஊர்ப் பட்டியலில்தான் இருந்தது. இடையில் வந்த தேர்தல்களில் இரண்டுக்கே ஊர் போக விடுப்புக் கிடைத்தது. அம்மையார் நம்மைக் கண்டிக்கவில்லை; அதிசயமாய்ப் பார்த்தார், அவ்வளவே.

சரித்திரத்திற்கு மீள்வோம். 1970-க்குப் பின் ஏழாண்டுகள் தொண்டமான் மன்றத்தில் இல்லை. அக்காலத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் மலைநாட்டிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 மே மாதத்தில் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் டெவன் தோட்டத்தில் சுடப்பட்டு மாண்டான். இடையே, 1972-இல் வடக்குக் கிழக்குத் தமிழ்த் தலைவர்களோடு தொண்டமானும் ஒரே கூட்டணியிற் சேர்ந்தார். ஆனால் 1976-இல் அக்கூட்டணி தனிநாடு கோரியபொழுது அவர் உடன்படவில்லை. சிங்களக் கிராமங்களின் நடுவே வாழும் தம் மக்களுக்குத் தனிநாடு எங்கே அமையும்? இதைக் கோழைத்தனம் என்பாருமுளர். நம் போன்று பிறமொழியார் நடுவே குடித்தனம் நடத்துவோர்க்கு அவர் தயக்கம் எளிதில் விளங்கும்.

1977-இல் மூன்று அங்கத்தினர் தொகுதியாகிய நுவரெலியா–மஸ்கெலியாவில் மூன்றாமவராக வென்று, முப்பதாண்டுகளுக்குப் பின் மீண்டும் மக்கள் வாக்கால் மன்றம் புகுந்தார். மறு ஆண்டே ஜயவர்த்தனாவின் அமைச்சரவையில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். கிராமத்துச் சிங்களவர்க்கு நெசவும் பால்மாடும் கைத்தொழிலும் கொடுக்கும் இலாகா அது. தோட்டத்தார் தலைவர் கிராமத்தாரின் அமைச்சர்! பந்தியில் வாதிட்ட நம் அன்பர் இருவரும் இவ்விடத்தைக் கவனிக்க வேண்டுகின்றோம்.

1983 ஜூலைக் கலவரத்தில் மலைநாட்டுத் தமிழரும் வீடிழந்து அகதிகளாயினர். அந்நிலையிலும் அவர் பதவியை விட்டாரில்லை. இதனை எவ்வாறு மதிப்பதென்று நாம் பன்முறை எண்ணியதுண்டு. மானமுள்ளவர் வெளியேறியிருப்பார் என்று ஒரு சமயம் தோன்றும். பின்னே நடந்தவற்றை நோக்கினால், உள்ளே இருந்தமையால் அவர் பெற்றது சிறிதன்று என்றும் தோன்றும். 1984 ஏப்ரலில், அமைச்சராயிருந்துகொண்டே, தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடத்தினார். கூலி உயர்ந்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்பது நிலைநாட்டப்பட்டது. கொழுந்து பறிப்போர் பெண்களே ஆதலால் இதன் பெருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. 1986 தைப் பொங்கலை ஒட்டி, வேலைக்குச் செல்லுமுன் தோட்டந்தோறும் பிரார்த்தனை செய்வதென்று அறிவித்தார். வேலைநிறுத்தமென்றால் சட்டம் உண்டு. சாமி கும்பிடுவதைத் தடுக்க எந்தச் சட்டம் உண்டு? அவ்வாண்டே, இந்தியாவுக்கு விண்ணப்பிக்காது எஞ்சி நின்ற சுமார் 94,000 பேருக்கும் பிரஜாவுரிமை அளிக்கும் சட்டம் வந்தது. 1988-இல் மற்றொரு சட்டம் அதனை இலேசாக்கியது. போர் மூண்ட ஆண்டுகளிலும், பேச்சினால் தீர்வு காணவேண்டுமென்ற நிலையை அவர் விட்டாரில்லை.

குறைகளும் உண்டு. எந்தக் கட்சி ஆண்டாலும் அதனோடு சேர்ந்து, 1978 முதல் இறுதிவரை அமைச்சராகவே இருந்தார். 1950-களின் நடுவே ஏ. அஸீஸ் போன்ற தோழர்கள் பிரிந்து சென்றனர். தலைமை அவர் குடும்பத்தைவிட்டு வெளியேறவில்லை. சம கூலி வந்ததே தவிர, கூலி போதுமானதாய் ஒருபொழுதும் இருந்ததில்லை. லயத்து அறைகளும் பெரும்பாலும் அப்படியே நின்றன. வாக்குரிமையை மீட்டவர், அவ்வாக்குகளைக் கட்டாகக் கட்டிப் பேரம் பேசவும் செய்தார் என்னும் பழி அவர்மேல் உண்டு. அது முற்றிலும் பொய்யென்று நம்மால் வாதாட இயலாது.

தொண்டமான் 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் மறைந்தார். ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு முப்பத்தைந்து ஆண்டுகள் நிறைந்திருந்தன. 1984-இல் கப்பல் நின்றுவிட்டமையால் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் போக முடியாமல் தங்கியவர்களும், நாடற்றவர்களாய் மீந்திருந்த பிறரும் பிரஜைகளானது அவருக்குப் பின்னர், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயாம்.

அவர்களுள் ஒருவர் நம் மூதாட்டியாரின் அக்காள். தங்கை கப்பலேறியபொழுது கணவர் வீட்டாரோடு தங்கிவிட்டவர். அவர் அந்நாட்டுத் தேசிய அடையாள அட்டையைப் பெற்றபொழுது பேரன் எழுதி அனுப்பிய கடிதமும் அத்துணிப்பையில் இருக்கின்றது. இரு படிவங்களையும் நாம் ஒரே நாளில் அனுப்பினோம். அம்மையாரின் பெயர் முதலில் ஏறிற்று. நம் பெயர் அடுத்த திருத்தப் பட்டியலில் வந்தது.